வீட்டிற்கு வந்த மேடை

நுழையும் முன்

தொலைவில் நிகழும் இசை நிகழ்ச்சியை வீட்டில் அமர்ந்தபடியே காண இயலுமா? அவ்வாறு காணும்போது நாம் பெறுவது எது? பெறாமல் போவது எது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

பாடம்

கோலார் தங்கவயல், சுரங்கத் தொழிலால் உருவான ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல், வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் இங்குக் குடியேறினர். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் போன்ற இடங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், 1902ஆம் ஆண்டிலேயே இவ்வூரை வந்தடைந்தது. ஆயினும், புகழ்பெற்ற கலைஞர்களின் பெரிய மேடைகள் சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களிலேயே அமைந்தன. பயணச் செலவும் நுழைவுக் கட்டணமும் தொழிலாளர் குடும்பங்களுக்கு எளியவை அல்ல.

இத்தொலைவைக் குறைத்த கருவிகளுள் ஒன்று காணொளி நாடா. ஜப்பான் நாட்டின் ஜே.வி.சி. நிறுவனம் 1976ஆம் ஆண்டில் வி.எச்.எஸ். என்னும் நாடாவை அறிமுகப்படுத்தியது. அதனை இயக்கும் கருவியை நம் மக்கள் ‘டெக்’ என்று அழைத்தனர். 1980களில் தமிழர் வாழ்ந்த பல ஊர்களில், டெக்கை ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து, அண்டை வீட்டாரும் உறவினரும் ஒன்றாக அமர்ந்து படம் பார்ப்பது வழக்கம். 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் டி.வி.டி. குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. பின்னர் அது உலகெங்கும் பரவி, நாடாவின் இடத்தைப் பிடித்தது.

இவ்வாறு வீட்டிற்கு வந்த படைப்புகளுள் இசை நிகழ்ச்சித் திரைப்படமும் ஒன்று. மேடையில் நிகழும் இசையைப் பல படக்கருவிகளால் பதிவு செய்து, திரைப்படமாகத் தொகுப்பதே இதன் இயல்பு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்ற உட்ஸ்டாக் இசை விழாவைப் பற்றிய படம் 1970ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது.

இளம் சுவைஞர்களை முதன்மையாகக் கருதி உருவான படங்களும் உண்டு. ‘ஹான்னா மொன்டானா’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் நடித்த மைலி சைரஸ், 2007ஆம் ஆண்டில் இசைச் சுற்றுப்பயணம் ஒன்றைத் தொடங்கினார். நுழைவுச்சீட்டுகள் விரைந்து விற்றுத் தீர்ந்தன. சிலர் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்தனர். ஆதலால் சிறுவர் பலர் ஏமாற்றம் அடைந்தனர். அந்நிகழ்ச்சி 2008ஆம் ஆண்டில் முப்பரிமாணத் திரைப்படமாகத் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டில் டி.வி.டி. வடிவிலும் வெளிவந்தது. அரங்கில் இடம் கிடைக்காத சிறுவர்க்கு, அவர்தம் வீட்டுக் கூடமே முதல் வரிசை ஆயிற்று.

தமிழர்க்கு நன்கு அறிமுகமான எடுத்துக்காட்டு ‘ஒன் ஹார்ட்’. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் வட அமெரிக்காவின் 14 நகரங்களில் நடத்திய இசை நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டு, இப்படம் 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மேடைக் காட்சிகளோடு ஒத்திகைகளும் கலைஞர்களின் உரையாடல்களும் இதில் இடம்பெற்றுள்ளன. மேடையில் சில நிமிடங்களில் முடியும் ஒரு பாடலுக்குப் பின்னால் எத்துணை உழைப்பு உள்ளது என்பதை இத்தகைய காட்சிகள் உணர்த்துகின்றன.

இசை நிகழ்ச்சித் திரைப்படம் எவ்வாறு உருவாகிறது? ஒரு கருவி பாடகரின் முகத்தைக் காட்டும். மற்றொன்று இசைக்கலைஞரின் விரல்களைக் காட்டும். இன்னொன்று மக்கள் திரளைக் காட்டும். படத்தொகுப்பாளர் இவற்றுள் வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து இணைக்கிறார். தங்கவயலின் மக்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வர். ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைப்பது சில கிராம் பொன்னே. எஞ்சிய மண், குன்றுகளாகக் குவிந்து இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. ஆனால் அம்மண்ணிலும் சிறிதளவு பொன் உண்டு. அதுபோல, நீக்கப்பட்ட காட்சிகளிலும் உண்மை உண்டு. பாடகரின் களைப்பு, தவறிய ஒரு சுரம், இருக்கையில் உறங்கிவிட்ட குழந்தை ஆகியவை படத்தில் இடம்பெறாமல் போகலாம். எனவே திரையில் காண்பது நிகழ்ச்சி முழுவதும் அன்று. ஒருவர் தேர்ந்தெடுத்த பகுதியே ஆகும். இதனை உணர்ந்து காண்பவரே நல்ல சுவைஞர்.

பதிவு செய்யப்படும் குரல் நிலைக்கிறது. பதிவு செய்யப்படாத குரல் மறைகிறது. கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அங்குப் பணிபுரிந்தோர் இன்று முதியோராக உள்ளனர். தாலாட்டும், திருவிழாப் பாடல்களும், தம் பெற்றோரிடம் கேட்ட ஊர்க்கதைகளும் அவர்களுள் பலருடைய நினைவில் வாழ்கின்றன. அவற்றைப் படமாக்க எப்பெருநிறுவனமும் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கைப்பேசியே போதும். பெரிய மேடையை வீட்டிற்குக் கொண்டுவந்த அதே தொழில்நுட்பம், வீட்டுத் திண்ணையையும் மேடையாக்க வல்லது.

சொற்பொருள்

சுவைஞர் – கலையை விரும்பிச் சுவைப்பவர்
ஒத்திகை – நிகழ்ச்சிக்கு முன் செய்யும் பயிற்சி
திரள் – கூட்டம்
எத்துணை – எவ்வளவு
முப்பரிமாணம் – நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் தோன்றும் அமைப்பு

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த ஆண்டு ________.
2. காணொளி நாடாவை இயக்கும் கருவியை மக்கள் ________ என்று அழைத்தனர்.

ஆ. பிரித்து எழுதுக.
1. அம்மண் 2. வந்தடைந்தது 3. தேர்ந்தெடுத்து

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மைலி சைரஸின் நிகழ்ச்சியைக் காண இயலாமல் சிறுவர் பலர் ஏமாற்றம் அடைந்தது ஏன்?
2. ‘ஒன் ஹார்ட்’ படத்தில் மேடைக் காட்சிகளோடு இடம்பெற்றவை யாவை?

ஈ. சிந்தித்து விடை எழுதுக.
படத்தொகுப்பும் பொன் எடுக்கும் தொழிலும் எவ்வகையில் ஒத்துள்ளன?

உ. செயல்பாடு
உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் ஒரு பாடலோ கதையோ கேளுங்கள். அவரது இசைவைப் பெற்று, ஐந்து நிமிட அளவில் பதிவு செய்யுங்கள். அதில் வந்த புதிய தமிழ்ச் சொற்கள் ஐந்தைப் பொருளுடன் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.