கடைக்கு வராத ஆராய்ச்சி ஏடுகள்: தேடும் முறையும் பயன்படுத்தும் முறையும்

சாத்தூர் வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு வெள்ளாமையே உண்டு. புது ரகமொன்றை நம்பி விதைத்து அது பொய்த்துவிடின், அடுத்த புரட்டாசி வரையில் காத்திருக்க நேரிடும். ஆகவே, எந்தப் புது முறையையும் கைக்கொள்ளுமுன், அது நம் மண்ணில் முன்னரே பரீட்சிக்கப்பட்டதா என விசாரித்தறிதல் அவசியமாகும்.

இதற்கு விடை புத்தகக் கடையில் கிடைப்பது அரிது. ஆராய்ச்சிப் பண்ணைகளின் வருஷாந்தர அறிக்கைகள், மண் ஆய்வு அறிக்கைகள், மாணவரின் பட்ட ஆய்வேடுகள் முதலியவற்றிலேயே அது அடங்கியிருக்கும். வியாபாரப் பதிப்பாளர் மூலம் வெளிவராத இவற்றைச் 'சாம்பல் இலக்கியம்' என்பர். வெற்றி பெற்ற சோதனைகளே சஞ்சிகைகளில் மிகுதியாக அச்சேறும். பலன் தராதவை பண்ணை அறிக்கையில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடும். நஷ்டத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு அவ்வரிகளே முக்கியமானவை.

சாத்தூருக்குத் தெற்கே, கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஆராய்ச்சிப் பண்ணை, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் நடைபெறுகின்றது. 'கே.' என்னும் எழுத்தைத் தாங்கிய பருத்தி, சோள ரகங்கள் அங்குத் தோன்றியவையே. இத்தகைய பண்ணைகளின் பழைய ஏடுகளைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்திலும், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் 'கிருஷிகோஷ்' இணையச் சேமிப்பிலும் தேடலாம்.

தேடுவோர் கவனிக்க வேண்டியவை:

1. சாத்தூர் தாலுகா 1910 வரையில் திருநெல்வேலி ஜில்லாவிலும், பின்னர் 1985 வரையில் இராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்தது. அதன்பின் அமைந்த இம்மாவட்டம் முதலில் காமராஜர் பெயரையும், பிறகு விருதுநகர் பெயரையும் பெற்றது. ஆண்டுக்கேற்ற ஜில்லாவின் பெயரில் தேடுக.

2. நம் பகுதிப் பருத்தி, பழைய ஏடுகளில் 'கருங்கண்ணி' என்றும், வணிக வழக்கில் 'டின்னிவெல்லி' என்றும் காணப்படும்.

கிடைத்த ஏட்டைப் படிக்குங்கால் கேட்க வேண்டியவை:

1. சோதனை நிகழ்ந்த மண் யாது? கரிசலின் ஆழம் எவ்வளவு? அவ்வாண்டு மழை எவ்வளவு?

2. எத்தனை ஆண்டுகள் நடந்தது? ஒரே ஆண்டின் மகசூலை நம்பலாகாது.

3. பக்கத்திலேயே வழக்கமான ரகத்தையும் பயிரிட்டு ஒப்பிட்டனரா?

4. அளவை யாது? ஏக்கருக்கு 100 ராத்தல் என்பது ஹெக்டேருக்கு ஏறக்குறைய 112 கிலோவாகும். கூறப்படுவது விதையோடு கூடிய பருத்தியா, விதை நீக்கிய பஞ்சா என்பதையும் பார்க்க. பஞ்சின் எடை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கேயாதலின், இதில் தவறினால் கணக்கு முழுதும் பிசகிவிடும்.

இவ்வேடுகளுட் பல, பிற நிபுணர்களால் சரிபார்க்கப்படாமலே வெளிவருவன. ஆதலின், இரண்டு மூன்று ஆண்டுகளின் அறிக்கைகள் ஒத்திருப்பினும், முதலிற் சிறு துண்டு நிலத்தில் வழக்கமான பயிருக்கு அருகே விதைத்துப் பார்க்க. விதைத்த தேதி, மழை, மகசூல் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவரின், அடுத்த ஆண்டு அண்டை நிலத்தாருக்கும் அது வழிகாட்டும்.