உறையவைக்கும் சினைமுட்டைக்கு எதைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது?

எருமையின் சினைமுட்டையை நுண்ணோக்கியில் பார்த்தால் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். அத்தனையும் கொழுப்புத் துளிகள். பன்றியின் முட்டையும் அப்படித்தான். சுண்டெலியினுடையதோ கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். உறையவைக்கும் முட்டைக்கு எந்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் சேர்ப்பது என்று கேட்பவரிடம், எந்த விலங்கின் முட்டை என்றுதான் முதலில் கேட்பேன்.

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மூழ்கி மீளும்போது முட்டைக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகுகின்றன. அவற்றை அடக்க முட்டை சேர்த்து வைத்திருந்த குளூட்டாதயோன் குறைகிறது. குறைந்ததையே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் குளூட்டாதயோன் முட்டைச்சவ்வை எளிதில் தாண்டாது. அதன் எத்தில் எஸ்டர் தாண்டும். அது கைக்கு எட்டாத ஆய்வகம், முட்டை முதிரும் ஊடகத்தில் சிஸ்டியமின் சேர்க்கலாம். முட்டையே தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்ளும்.

என் முதல் தேர்வு மெலடோனின். நீர், கொழுப்பு இரண்டினூடும் புகுந்துவிடும். பசுவின் முட்டைக்கு ஒரு நானோமோலார் அளவே வேலை செய்திருக்கிறது.

கொழுப்பு மிகுந்த முட்டையென்றால் எல்-கார்னிடைனை மெலடோனினுக்கு ஈடாக வைப்பேன். இது ராடிக்கல்களை அடக்குவதோடு நிற்பதில்லை. கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றி எரிக்க வைக்கிறது. நீரில் கரைவதால் கையாளவும் சுலபம்.

ரெஸ்வெரட்ராலைப் பன்றி முட்டையில் இரண்டு மைக்ரோமோலார் அளவில் சோதித்திருக்கிறார்கள். அளவு கூடினால் முதிர்ச்சியே தடைபடும். வெளிச்சம் பட்டால் மூலக்கூறின் வடிவம் மாறிவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது வேண்டாம்.

எப்போது சேர்ப்பது? உறையவைக்கும் கடைசிக் கரைசலில் முட்டை இருப்பது ஒரு நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. அந்த அவசரத்தில் எந்தப் பொருளும் பெரிதாகச் சாதிக்காது. பசு, எருமை முட்டைகள் முதிர 22 முதல் 24 மணி நேரம், பன்றி முட்டைக்கு 42 முதல் 44 மணி நேரம். சேர்க்கவேண்டிய நேரம் அதுதான். உருக்கிய பின் கருவூட்டலுக்கு முன் முட்டை தேறும் ஓரிரு மணி நேரம் அடுத்த வாய்ப்பு. ஆனால் எதையும் சேர்க்கும் முன், முட்டையை ஏந்தி உறையவைக்கும் மெல்லிய பட்டையான கிரையோடாப்பில் துளியைச் சிறிதாக வைக்கக் கை பழகாதவர் முதலில் அதைப் பழகட்டும்.

மெலடோனினையும் ரெஸ்வெரட்ராலையும் பெரும்பாலும் எத்தனாலிலோ டி.எம்.எஸ்.ஓ.விலோ கரைப்பார்கள். ஆகவே சோதனையில் கரைப்பான் மட்டும் சேர்த்த ஒரு குழு தேவை. மருந்து சேர்த்தும் உறையவைக்காத ஒரு குழுவும் தேவை. முட்டை உயிரோடிருக்கிறதா என்று எண்ணிவிட்டு நிறுத்தக்கூடாது. எத்தனை முட்டைகள் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக் கருக்களாயின என்பதையும் எண்ணவேண்டும்.