தரவுத்தளத்தை மாற்றுமுன் ஒரு தாள் எழுதுங்கள்

நான் கணினிப் பொறுப்பிலுள்ள மொத்த வியாபார நிலையத்தின் கணக்குகள் யாவும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பில் இருந்தன. அதன் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்து வருடங்களே திருத்தங்கள் வெளிவரும். 12ஆம் பதிப்புக்கான காலம் 2024 நவம்பரில் முடிந்தது. 16க்கு மாறுவோம் என்றேன்.

"சரி தம்பி, எப்படி மாத்தப் போறீங்க? கடைய எவ்வளவு நேரம் மூடணும்? பிழைச்சுப் போனா என்ன செய்யிற? ஒரு தாள்ல எழுதித் தாங்க" என்றார் முதலாளி. மூன்றாவது கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

எழுத உட்கார்ந்தபோது மூன்று வழிகள் தெரிந்தன. முழுத் தரவையும் கோப்பாக இறக்கிப் புதியதில் ஏற்றுவது முதல் வழி. நேரம் எடுக்கும், பழையது அப்படியே இருக்கும். 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் உள்ள தர்க்கரீதியான நகலாக்கம் இன்னொன்று. இரு சேவையகங்களும் அருகருகே ஓடும், கடையை மூடவேண்டிய நேரம் மிகக் குறைவு. ஆனால் 16இல் அது அடுத்த பில் இலக்கத்தைக் கொண்டுவராது. நாமே சரிசெய்ய மறந்தால் முதல் பில்லிலேயே தகராறு.

நான் விரும்பியது பிஜி அப்கிரேட் கருவியை. 12இலிருந்து 16க்கு நேரடியாகத் தாவலாம். இதில் கோப்புகளைப் பிரதி செய்யலாம், அல்லது பழைய கோப்புகளையே இணைப்பாகப் பயன்படுத்தலாம். இணைப்பு முறை சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் அதையே எழுதியிருந்தேன். கையேட்டை மீண்டும் வாசித்தபோதுதான் உறைத்தது: புதிய சேவையகத்தை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதைப் பாதுகாப்பாகத் திறக்க முடியாது. காப்புப்பிரதி ஒன்றே கதி. அந்த வரியை வெட்டிப் பிரதி முறையை எழுதினேன். வட்டில் இருமடங்கு இடம் வேண்டும், பரவாயில்லை.

நகல் ஒன்றில் ஒத்திகை பார்த்தோம். ஒன்றரை மணித்தியாலம் சென்றது. அறிக்கைகள் ஆமை வேகத்தில் வந்தன. 18க்கு முந்திய பதிப்புகளுக்கு மாறும்போது புள்ளிவிபரங்கள் கூடவே வருவதில்லை. 'அனலைஸ்' கட்டளை கொடுத்ததும் சரியாயிற்று. அதுவும் தாளில் ஏறியது.

பிரதி முறையிலும் திரும்பும் வழி நெடுநேரம் திறந்திருக்காது. புதியதில் பதிவாகும் பில்கள் பழையதில் இரா. ஆகவே, "திங்கள் காலை 8 மணிக்கு முன் முடிவெடுக்க வேண்டும்" என எழுதிக் கொடுத்தேன். முதலாளி வாசித்துவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்தார்: "திங்கள் முழுவதும் பில் புத்தகத்திலும் எழுதவும்."