குடிபெயரும் மன்றங்கள்

ஊர் நடுவே மரநிழலில் மக்கள் கூடும் பொதுவிடத்தை நம் முன்னோர் மன்றம் என வழங்கினர். அது ஒருவர்க்கு உரியதன்று. ஊரார் அனைவர்க்கும் உரியது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கூடி உரையாடும் சமூக ஊடகத் தளங்களையும் நாம் மன்றங்கள் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின் இவை தனியார் உடைமைகள். மன்றம் எனக் கருதி நாம் அமர்ந்திருந்த இடம் பிறர் வீட்டுத் திண்ணையே என்பது, வீட்டுக்குரியவர் மாறும்போதுதான் புலனாகிறது. அங்ஙனம் கைமாறிய ஒரு தளத்தைவிட்டு மக்கள் சிறு தளங்களை நாடிச் சென்ற வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய ட்விட்டர், ஒரு பதிவுக்கு 140 எழுத்துகள் என்னும் எல்லையுடன் தொடங்கியது. 2017இல் அவ்வெல்லை 280 ஆயிற்று. இச்சிறு வடிவத்துள் செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் தத்தமக்கென ஒரு சுற்றத்தை உருவாக்கிக்கொண்டனர். 2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு இதனை வாங்கினார். சில நாள்களிலேயே பணியாளருள் ஏறத்தாழப் பாதிப் பேர் நீக்கப்பட்டனர். ஒருவரின் அடையாளத்தைச் சரிபார்த்து அளிக்கப்பட்டுவந்த நீலக்குறி, மாதக் கட்டணம் செலுத்துவோர்க்கெல்லாம் கிடைக்கும் பொருளாயிற்று. ஆய்வாளர்கள் விலையின்றிப் பெற்றுவந்த தரவு வழியும் 2023இல் அடைபட்டது. அவ்வாண்டு ஜூலையில் ட்விட்டர் என்னும் பெயரே நீங்கி, எக்ஸ் என்றாயிற்று.

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, வளமுடைய பிற நிலங்கள் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது தமிழ் மரபு. இத்தளத்தின் நிலையும் அத்தகையதே எனலாம். தளம் மறைந்துவிடவில்லை, மக்களும் முற்றாக நீங்கிவிடவில்லை. பயின்றவர்க்கு முன்பு கிடைத்த பயன் கிடைக்கவில்லை, அவ்வளவே.

அங்ஙனமாயின், மனம் வெறுத்தோர் அனைவரும் உடனே ஏன் வெளியேறவில்லை? இவ்வினாவே நம் ஆய்வின் உயிர்நிலை. இந்தியாவில் 2011 முதல் கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். எந்நிறுவனத்தில் இருப்பினும் பிற நிறுவனத்தாருடன் பேசவும் தடையில்லை. சமூக ஊடகத்திலோ தளத்தைவிட்டு நீங்குபவர் தம்மைப் பின்தொடர்வோரை இழக்கிறார். தங்கியிருப்போருடன் பேசும் வழியையும் இழக்கிறார். பத்தாண்டு உழைப்பில் சேர்ந்த சுற்றத்தை மூட்டை கட்டித் தோளில் சுமந்து செல்ல இயலாது. எனவே ஒவ்வொருவரும் மற்றவர் புறப்படட்டும் எனக் காத்திருக்கின்றனர். இதனைச் சோம்பல் என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

முதல் அலை மாஸ்டடானை நோக்கி எழுந்தது. செருமனியில் யூஜென் ரோச்கோ என்பார் 2016இல் தொடங்கியது இது. ஒரே நிறுவனத்தின் கையில் இராது, தனித்தனிக் குழுவினர் நடத்தும் பல சேவையகங்கள் பொது நெறிமுறை ஒன்றால் இணைந்து இயங்குவது. 2022 அக்டோபரில் ஏறத்தாழ 3 இலட்சமாக இருந்த மாதப் பயனர் தொகை நவம்பரில் 25 இலட்சமாக உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 18 அன்று, மாஸ்டடான் முதலிய பிற தளங்களில் உள்ள தம் முகவரியைப் பயனர் விளம்பரப்படுத்தலாகாது என ட்விட்டர் தடை விதித்தது. கண்டனம் எழவே விரைவில் அதனை விலக்கிக்கொண்டது. வெளியேறும் வழியில் நட்டிருந்த வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கும் முயற்சி இது. எனினும் அவ்வலை நிலைக்கவில்லை. எந்தச் சேவையகத்தில் சேர்வது என்னும் முதல் வினாவிலேயே பலர் மயங்கினர். சேர்ந்தோர்க்கும் பழைய நண்பரைத் தேடிக் காண்பது எளிதாக இல்லை. தனித்தனியே வந்தவர் தனித்தனியே திரும்பினர்.

2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் தொடங்கிய திரெட்ஸ் ஐந்தே நாளில் 10 கோடிப் பேரை ஈர்த்தது. இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே இருந்த உறவுகளை அப்படியே உடன்கொண்டு செல்ல இடமளித்ததே இதற்குப் பெருங்காரணம். ஆயின் அது சிறு தளமன்று. ஒரு பெருநிலக்கிழாரை விட்டு மற்றொரு பெருநிலக்கிழாரிடம் சேர்ந்ததாகவே முடியும்.

புளூஸ்கையின் வளர்ச்சி வேறு வகையில் நிகழ்ந்தது. 2024 ஆகஸ்டு 30 அன்று பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸ் தளத்தை அந்நாட்டில் முடக்க ஆணையிட்டது. பேசுவோரும் கேட்போரும் ஒருசேர வெளியேற நேர்ந்ததால், சில நாள்களில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புளூஸ்கையில் புகுந்தனர். நவம்பரில் அமெரிக்கத் தேர்தலை அடுத்து மற்றோர் அலை எழுந்தது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் எக்ஸ் தளத்தில் தன் பதிவுகளை நிறுத்திக்கொண்டதும் அம்மாதமே. 19ஆம் நாள் புளூஸ்கைப் பயனர் தொகை 2 கோடியை எட்டியது. ஒரு துறை சார்ந்தோரின் பட்டியலை ஒருவர் தொகுத்து அளித்தால், புதிதாய் வருபவர் ஒரே சொடுக்கில் அவர் அனைவரையும் பின்தொடரும் வசதி அங்கு இருந்தது. வானியலார் ஒரு பட்டியலாகவும் வரலாற்றாசிரியர் ஒரு பட்டியலாகவும் குடியேறினர். தெருவோடு தெருவாகக் குடிபெயர்வோர்க்குப் புதிய ஊர் அயலூராகத் தோன்றாதன்றோ!

சிறு தளங்கள் யாவும் நிலைபேறு உடையன என்று கொள்ளுதல் தவறு. பெங்களூருவில் 2020இல் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளித்த ‘கூ’, 2021இல் மத்திய அமைச்சர்கள் சிலரும் சேர, விரைந்து புகழ் பெற்றது. 2024 ஜூலையில் அது மூடப்படுவதாக அதனை நிறுவியோர் அறிவித்தனர். ஆங்கு எழுதியோர் மீண்டும் வேறிடம் தேட வேண்டியவராயினர்.

எனவே, புகும் இடத்தின் அழகினும் அங்கிருந்து புறப்படும் வழி திறந்துள்ளதா என்பதே முதலில் ஆராயத்தக்கது. மாஸ்டடானில் ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர் தம்மைப் பின்தொடர்வோரை உடன்கொண்டு செல்லலாம். ஆயின் பழைய பதிவுகள் உடன் வாரா. புளூஸ்கையின் நெறிமுறையோ பதிவுகளையும் உறவுகளையும் ஒருங்கே வேறு சேவையகத்திற்குக் கொண்டுசெல்ல இடம் தருகிறது. ஆயினும் அதன் பயனருள் மிகப் பெரும்பாலோர் கணக்குகள் இதுகாறும் அந்நிறுவனத்தின் சேவையகங்களிலேயே இருந்து வருகின்றன. வழி உண்டு, நடந்தோர் சிலரே.