மருந்தறைக்கு ஒரு பாஸ்புக்



ஏழை ஒருவர் அரசு மருத்துவமனைக்குப் போய், "இந்த மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற சீட்டோடு திரும்பினால், அங்கே அவர் பெற்ற வைத்தியம் பாதிதான். அரசிடம் பணம் போதவில்லை என்று நாம் உடனே எண்ணிவிடுகிறோம். பல சமயம் குறை பணத்தில் இல்லை. ஒரு ஊரில் மருந்து தேங்கிக் காலாவதியாகும். அடுத்த ஊரில் அதே மருந்துக்குத் தட்டுப்பாடு. ஆதலால், ஒதுக்கப்படும் பணம் கிராமத்து மருந்தறை வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை இவ்விதழில் படிப்போம்.

தமிழ்நாடு அரசு 1994-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவியது. 1995 ஜனவரியில் அது மருந்து வழங்கத் தொடங்கிற்று. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். மொத்தமாக வாங்குவதால் விலை வெகுவாகக் குறைகிறது. கம்பெனிகள் தரும் வியாபாரப் பெயரைப் பார்ப்பதில்லை, மருந்தின் பொதுப்பெயரிலேயே கொள்முதல். வாங்கிய சரக்கு எல்லாம் தலைநகரில் வந்து குவிவதுமில்லை. கம்பெனிகள் அதை மாவட்டக் கிடங்குகளிலேயே இறக்கிவிடுகின்றன. (யோசேப்பு தானியத்தைப் பட்டணந்தோறும் சேர்த்து வைத்தது நம் வாசகர்களுக்கு நினைவு வரலாம்.) ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே அது மருத்துவமனைகளுக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டில் எங்களை மிகவும் கவர்ந்தது ஒரு சாதாரணப் பொருள்: பாஸ்புக். வங்கியில் நாம் வைத்திருப்பது போல ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒன்று உண்டு. அந்த ஆண்டு அவர்களுக்குரிய தொகை அதில் வரவாக எழுதப்படும். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு கழியும். ரொக்கம் கைமாறுவதே இல்லை. விலையும் தரமும் மேலே தீர்மானமாகின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதை அங்கேயுள்ள மருத்துவரே சொல்கிறார். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு மிகுந்தால் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதிகம் கேட்கலாம். மேலேயிருந்து ஒரே அளவாகப் பங்கிட்டு அனுப்பினால் இது நடக்காது.

அடிக்கடி கவனியாமல் விடப்படும் ஒரு கேள்வி இங்கே உண்டு. பாஸ்புக்கில் எழுதும் தொகையை எதைக்கொண்டு நிர்ணயிப்பது? வரும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு என்பது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் மருத்துவர் பணியிடம் ஆறு மாதம் காலியாகக் கிடந்த ஒரு மலையடிவார நிலையத்தை எண்ணிப் பாருங்கள். ஜனங்கள் அங்கே போவதை நிறுத்தியிருப்பார்கள். எண்ணிக்கை குறையும், அடுத்த ஆண்டுத் தொகையும் குறையும். அந்த ஊரில் நோய் மட்டும் குறைந்திருக்காது. ஆகையால் வந்தவர்களோடு வராதவர்களையும், அதாவது அந்த வட்டாரத்து ஜனத்தொகையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

மருந்துக்கான தொகை முழுவதும் கழகத்தின் வழியே போவதில்லை. கிடங்கில் கிடைக்காததை அவசரத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள ஒரு சிறு பகுதி மருத்துவமனைகளுக்கு விடப்படுகிறது.

பிற்பாடு மற்ற மாநிலங்களும் இம்முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. கேரளம் 2007-ல் இதுபோன்ற கழகத்தை ஏற்படுத்தியது. ராஜஸ்தானில் 2011-ல் ஒன்று உருவாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 2-ம் தேதி முதல் அங்கே அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது.