நீர் செல்லும் வழி

நுழையும்முன்

மழைக்காலத்தில் ஒரு தெருவில் நீர் தேங்கினால், அந்நீர் எங்கிருந்து வந்தது, எங்கே செல்லவேண்டும் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றிற்கு விடைகாணப் புவித் தகவல் அமைப்பு துணைசெய்கிறது. தக்கலையைச் சூழ்ந்த நிலத்தைச் சான்றாகக் கொண்டு, அக்கருவி செயற்படும் முறையையும் அது பிழைபடும் இடங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

நிலமும் நீரும்

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டத்தின் தலைமையிடம் தக்கலை. அருகே வேளிமலை உயர்ந்து நிற்கிறது. அம்மலையில் பிறக்கும் வள்ளியாறு கடியபட்டணம் அருகே அரபிக்கடலில் கலக்கிறது. பத்மநாபபுரம் புத்தனாறு சானல் கோதையாறு பாசனத்தின் நீரை இப்பகுதி வயல்களுக்குக் கொண்டுவருகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழையும் பெறும் மாவட்டம் இது. மேல்குளம் நிரம்பினால் மறுகால் வழியே கீழ்க்குளத்திற்கு நீர் செல்லுமாறு குளங்களைத் தொடராக அமைத்தனர் முன்னோர். அத்தொடரில் ஒரு குளம் தூர்ந்தாலும் நீர் வேறு வழி தேடும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் மாவட்டத்தின் வயல்களும் குடியிருப்புகளும் வெள்ளத்தில் மூழ்கின. நாகர்கோவில் – திருவனந்தபுரம் இருப்புப்பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன.

படத்திலிருந்து அடுக்கிற்கு

இந்நிலத்தை அளக்கும் முயற்சி புதியதன்று. வார்டு, கானர் என்னும் படை அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்து, வரைபடமும் விளக்கக் குறிப்பும் ஆக்கினர். அக்கால வரைபடங்களில் மலை, ஆறு, ஊர், சாலை யாவும் ஒரே தாளில் கலந்திருந்தன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மற்றொன்றோடு ஒப்பிடுவது எளிதன்று. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறப்பு நேர்ந்த வீடுகளையும் தெரு அடிகுழாய்களையும் ஒரே படத்தில் குறித்தார். பிராடு தெருவின் அடிகுழாயைச் சுற்றியே இறப்புகள் திரண்டிருந்தமை புலனாயிற்று. கையால் செய்த இவ்வொப்பீட்டைக் கணினியிடம் ஒப்படைக்கும் பணி 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் என்பவரால் தொடங்கப்பெற்றது.

புவித் தகவல் அமைப்பில் ஆறு ஓர் அடுக்கு. குளம் ஓர் அடுக்கு. வீடு, சாலை, மண்வகை, மழையளவு ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு. வேண்டிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வினவலாம். 'குளக்கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் உள்ள வீடுகள் எவை?' என்பது எளிய வினா. 'இம்மலைச்சரிவில் பெய்யும் மழை எந்தக் குளத்தை வந்தடையும்?' என்பது கடினமான வினா. அதற்கு நிலத்தின் உயரம் தெரிய வேண்டும்.

நீர் எத்திசையில் ஓடும்?

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள்கள் பறந்து, புவியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியின் உயரத்தை ரேடாரால் அளந்தது. அத்தரவு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. நிலம் ஏறத்தாழ முப்பது மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, கட்டத்திற்கு ஓர் உயர எண் தரப்பட்டிருக்கும்.

ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் உள்ளன. அவற்றுள் மிகத் தாழ்ந்ததை நோக்கி நீர் ஓடும் என்று நினைப்பது இயல்பு. அது முற்றிலும் சரியன்று. நடுக்கட்டத்தின் உயரம் 42 மீட்டர், கிழக்குக் கட்டம் 39, தென்கிழக்குக் கட்டம் 38 எனக் கொள்வோம். தென்கிழக்கே தாழ்ந்தது. ஆயினும் மூலைவிட்டத் தொலைவு 30 மீட்டர் அன்று, ஏறத்தாழ 42.4 மீட்டர். கிழக்கே சரிவு 3/30, அதாவது 0.1. தென்கிழக்கே 4/42.4, அதாவது 0.094. எனவே கணினி நீரைக் கிழக்கே திருப்பும். இவ்வாறு கட்டந்தோறும் திசை கண்டு, ஒவ்வொரு கட்டத்திற்கும் எத்தனைக் கட்டங்களின் நீர் வந்துசேர்கிறது என எண்ணினால், எண் பெருகும் கட்டங்கள் கோடாகத் திரளும். அக்கோடே ஓடை. ஓடையின் ஓர் இடத்தைச் சுட்டினால், அவ்விடத்திற்கு நீர் தரும் பரப்பு முழுவதையும் கணினி வரைந்துவிடும். அதுவே நீர்ப்பிடிப்புப் பகுதி. கியூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

கணினி தூர்க்கும் குளம்

ஓடையை வரையுமுன் கணினி மற்றொரு வேலையைச் செய்கிறது. சுற்றிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த பள்ளத்திற்குள் நீர் புகுந்தால் வெளியேற வழியிராது. அத்தகைய பள்ளங்களை மென்பொருள் தரவுப்பிழை எனக் கருதி நிரப்பிவிடும். பல பள்ளங்கள் பிழையே. ஆனால் வற்றிய குளமும் பள்ளமே! ஊரார் பல தலைமுறையாகக் காத்த குளம், ஒரு கட்டளையில் சமதரையாகிறது. குளங்கள் நிறைந்த நாட்டிற்கு இம்முறையை அப்படியே கையாள்வது தகாது. குள அடுக்கைத் தனியே தந்து, 'இதனை நிரப்பாதே' என அறிவுறுத்த வேண்டும்.

வேறு இடர்களும் உள. ரேடார் கண்டது பல இடங்களில் தரையை அன்று. தென்னை, ரப்பர் மரங்களின் தலையைக் கண்டது. அடர்ந்த தோப்பு கணினிக்கு மேடாகத் தோன்றும். மாத்தூர்த் தொட்டிப்பாலம் இன்னும் விந்தையானது. 1966இல் கட்டப்பட்ட அப்பாலத்தில், பறளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் பட்டணங்கால் கால்வாயின் நீர் ஒரு மலையிலிருந்து மறுமலைக்குச் செல்கிறது. உயரத்தை மட்டும் அறிந்த கணினி, அந்நீரை ஆற்றிலே விழச்செய்யும். மனிதர் வெட்டிய கால்வாய்களை மனிதரே வரைந்து சேர்த்தாலன்றி அவ்வமைப்பு அவற்றை அறியாது.

பெயரும் சான்று

எனவே பிற அடுக்குகள் வேண்டும். வருவாய்த்துறையின் கிராம வரைபடமும் புலப்படமும் குளத்தின் பழைய எல்லையைக் காட்டும். அவ்வெல்லையின்மேல் இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பொருத்தினால், குளம் எவ்வளவு சுருங்கியது என்பது கண்முன் நிற்கும். குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு 2007இல் தனிச்சட்டம் இயற்றியது. எது ஆக்கிரமிப்பு என நிறுவ இத்தகைய ஒப்பீடு உதவும். ஆயினும் படத்தின் எல்லைக்கோட்டிற்குள் அகப்படுவது ஓர் ஏழையின் வீடாகவும் இருக்கலாம். முப்பது மீட்டர்க் கட்டத்தை நம்பி அதன்மேல் முடிவெடுப்பது அறமாகாது. நில அளவரின் சங்கிலியும் கருவியும் அங்கே செல்ல வேண்டும்.

ஊர்ப்பெயர்களையும் புறக்கணித்தல் கூடாது. தக்கலை வட்டாரத்தில் 'விளை' என்பது மேட்டுப்பாங்கான தோட்டநிலம். 'ஏலா' என்பது தாழ்ந்த நெல்வயற்பரப்பு. கோழிப்போர்விளை போன்ற பெயர்களை நிலப்படத்தில் குறித்து, உயரத் தரவோடு ஒப்பிடலாம். ஏலா என்று பெயர் வழங்கும் இடத்தைக் கணினி மேடு எனக் காட்டினால், தென்னந்தோப்பு அதனை ஏமாற்றியிருக்கலாம். அல்லது வயல் மண்கொட்டி உயர்த்தப்பட்டிருக்கலாம். நேரிற் சென்று பார்த்தாலன்றி இவ்விரண்டுள் எது என்று தெளியாது.

மாதிரியைச் சோதிக்க வெள்ளமே அளவுகோல். வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவர்களில் சேற்றுக்கோடு படிந்திருக்கும். அக்கோட்டின் உயரத்தை அளந்து, இடத்தையும் குறித்து, மாதிரி காட்டும் நீர்மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். மாதிரி உலர்ந்த இடம் எனக் காட்டும் வீட்டின் சுவரில் சேற்றுக்கோடு இருக்குமாயின், திருத்தப்படவேண்டியது மாதிரியே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்க் குளம் ஒன்றின் மடை, மறுகால், நீர்வரத்துக்கால் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டறிந்து கைவரைபடம் வரைக. அதனைச் செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிட்டு, மாறுபடும் இடங்களைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.