வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகுமுன்

இயற்பியலில் பிஎச்டி செய்ய வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “அக்கா, எந்த யூனிவர்சிட்டி நல்ல ரேங்க்?” என்பதுதான். அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்வேன். ஆராய்ச்சிக்குப் போகிறவர் நாலைந்து வருஷம் வாழப்போவது பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழுவோடு. கைடு யார், கருவிகள் ஓடுகின்றனவா, முன்னால் அங்கே இருந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? இவற்றைக் கேளுங்கள். பட்டம் முடித்துப் போனவர்களுக்கே ஒரு மெயில் போட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள்.

நான் அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி படித்துவிட்டு, ஜாம் தேர்வு எழுதி எம்எஸ்சி சேர்ந்தவள். பிஎச்டிக்கு ஜெர்மனி போக வழி திறந்தது என் மதிப்பெண் பட்டியலால் அல்ல. நம் நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்திய கோடைகால ஆய்வுத் திட்டத்தில் ஒரு தாழ்வெப்ப ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அங்கிருந்த பேராசிரியர் என் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். பரிந்துரைக் கடிதம் அவரிடம்தான் வாங்கினேன். ‘வகுப்பில் முதல் மாணவி’ என்று எழுதும் கடிதத்தால் பயனில்லை, அது மார்க் ஷீட்டிலேயே இருக்கிறது. வேலையின் நடுவே கருவி மக்கர் செய்தால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்று சொல்லும் கடிதத்தைத்தான் அங்கே நிறுத்திப் படிக்கிறார்கள்.

அடுத்தது மெயில். ‘தங்கள் புகழ்பெற்ற ஆய்வில் மிகுந்த ஆர்வம்’ என்று நூறு பேருக்கு ஒரே மாதிரி அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். குழுவின் சமீபத்திய கட்டுரைகள் ஆர்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1991 முதல் இயங்கும் தளம் அது. சந்தா கட்ட முடியாத கல்லூரிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒரு கட்டுரையையாவது வரைபடம் வரைபடமாகப் படியுங்கள். நான் எழுதிய மெயில் ஒரே ஒரு வரைபடத்தைப் பற்றியது. வெப்பநிலை குறையக் குறைய இறங்கிவந்த மின்தடை, ஓரிடத்துக்குக் கீழே நேர்கோடாக நின்றுவிட்டது. குளிர்கருவி குளிர்ந்தும் மாதிரிக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் குளிரவில்லையோ என்று கேட்டிருந்தேன். “அதுதான் எங்களுக்கும் தலைவலி, பேசலாம்” என்று பதில் வந்தது.

நாட்டுக்கு நாடு முறை வேறு. அமெரிக்காவில் நாலு வருஷ இளநிலைப் பட்டத்தோடு நேரே பிஎச்டி சேரலாம். முதலில் பாடங்கள், தகுதித் தேர்வு, பிறகு ஆய்வு என்று பொதுவாக ஐந்தாறு வருஷம் ஆகும். ஜெர்மனியில் பெரும்பாலும் எம்எஸ்சி கேட்பார்கள். ஆனால் அங்கே ஆய்வு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர், சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ஊதிய விகிதத்தில் பொதுவாகப் பாதி அல்லது முக்கால் பங்குக்குத்தான் ஒப்பந்தம் போடுவார்கள், முழு நேரமும் உழைக்க வேண்டியிருக்கும்.

போய்ச் சேர்ந்தபின் என்னை ஆளாக்கியது ஹீலியம் கசிவு. எங்கள் குளிர்கருவி ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் மில்லிகெல்வின் அளவுக்கு இறங்கும். வெற்றிடக் கலத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, கசிவுகாட்டும் கருவியால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே வெளியே ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியத்தை மெல்ல ஊதுவோம். மேலிருந்து தொடங்கி இறங்க வேண்டும். ஹீலியம் லேசானது என்பதால், கீழே ஊதினால் மேலேறிப் போய் வேறொரு ஓட்டையைக் காட்டிக்கொடுத்துக் குழப்பும். அறை வெப்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம்-4 உராய்வே இல்லாத திரவமாகி, யார் கண்ணுக்கும் கருவிக்கும் தப்பிய வெடிப்பு வழியே வெளியேறும். இண்டியம் கம்பியை அழுத்திப் போட்ட ஒவ்வொரு முத்திரையையும் பிரித்து மறுபடி போட்டோம். அந்தக் குளிர்காலத்தில் ஒரு தரவுகூட எடுக்கவில்லை. என் ஆய்வேட்டில் உருப்படியான அத்தனையும் அந்தக் குளிர்காலத்தில் கற்றதிலிருந்து வந்தது.

பணிமனைக்காரர்களோடு பழகுங்கள். என் ஆய்வு மாதிரியை வைக்கும் தாங்கியைக் கடைந்து தந்தவருக்கு ஆங்கிலம் வராது. நான் ஜெர்மன் கற்றுக்கொண்டது அவருக்காகத்தான். குழுக் கூட்டத்தில் வாய் திறக்கவும் பழகுங்கள். ‘சரி சார்’ என்று அடங்கியிருப்பதை இங்கே மரியாதை என்று நாம் நினைப்போம், அங்கே இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

பட்டத்துக்குப் பிறகு வருவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜெர்மனியில் பல்கலைக்கழகத் தற்காலிக ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக உச்சவரம்பு உண்டு: முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு. ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்கு, முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், ஆய்வு செய்யப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. அதாவது மறுபடி ஊர் மாற வேண்டும். கல்யாணம், அப்பா அம்மாவின் உடல்நிலை எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வரும். வீட்டில் இதை முதலிலேயே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

எம்எஸ்சி முதல் வருஷத்தில் இருப்பவர்கள் வரும் கோடைக்கு எந்த ஆய்வகத்திலாவது இடம் பிடியுங்கள், சென்னையோ பெங்களூரோ பரவாயில்லை. அமெரிக்க விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பரிலேயே கெடு முடிந்துவிடும். ஜெர்மன் குழுக்களில் ஆண்டு முழுவதும் இடம் விழும். விண்ணப்பப் படிவத்தைத் தொடுமுன் அந்தக் குழுவின் கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து முடித்திருங்கள்.